கட்டம் போட்ட சட்டைக்கும் பேங்க் செக்குக்கும் என்ன சொந்தம்?

தொண்ணூறடி ரோடு கடைக்காரன் (தாராவி):

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். வியாபாரத்துக்கு நடுவுல வந்தது, கிண்டல் பண்ணாம பதில் சொல்லுங்க.

நமக்குத் துணிக்கடை. சட்டைத் துணி, கைலி, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. ஒரு பார்ட்டி மொத்தமா யூனிஃபார்ம் துணி எடுக்க வந்தாரு. "செக் டிசைன் காட்டுங்க"ன்னாரு. காட்டுனேன். "ஸ்டாக் எவ்வளவு இருக்குன்னு செக் பண்ணிச் சொல்லுங்க"ன்னாரு. சொன்னேன். "பாதிப் பணம் இப்ப செக்கா தர்றேன்"ன்னாரு. உள்ள இருந்த எங்க அப்பா, "பழைய பாக்கியச் சொல்லி அவனுக்கு மொதல்ல ஒரு செக் வையிலே"ன்னு காதுல சொல்லுதாரு.

தங்கச்சி மக கல்லா பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு இருந்தா. ஆறாங்கிளாஸ். "மாமா, இந்த நாலு செக்கும் ஒரே வார்த்தையா, வேற வேற வார்த்தையா? பேங்க் செக்குக்கு மட்டும் ஏன் கடைசியில கியூ, யூ, ஈ வருது?"ன்னு கேட்டா. டிக்‌ஷனரியப் பொரட்டிப் பாத்தேன். அர்த்தம் வரிசையா போட்டிருக்கானே தவிர, ஒண்ணுக்கொண்ணு என்ன உறவுன்னு எனக்கு வெளங்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. செக் குடியரசுன்னு ஒரு நாடு இருக்கே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?


கல்செக்கு (ஆன்டாப் ஹில்):

இதுல என்ன சந்தேகம்? நம்ம செக்குதான். செக்குல கட்டின மாடு தப்பிக்க முடியாது, சதுரங்கத்துல செக் வெச்சா ராஜா தப்பிக்க முடியாது. பேங்க் செக்கையும் நம்ம ஆளுங்க "செக்கு"ன்னுதானே சொல்றாங்க? தமிழ்நாட்டுல எத்தனையோ ஊர்ல கல்வெட்டு பொறிச்ச கல்செக்கு கிடைச்சிருக்கு. வெள்ளைக்காரன் வர்றதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தி.


கிளியரிங் மாமா (மாட்டுங்கா):

கல்செக்கு சார், கல்வெட்டு நிஜம், அதுக்குப் பெருமைப்படுவோம். ஆனா அந்தச் செக்கு எண்ணெய் ஆட்டறதோட நின்னுடுத்து. சத்தம் ஒண்ணா இருக்குன்னு மட்டும் வெச்சு உறவு கொண்டாட முடியாது. இந்த இங்கிலீஷ் வார்த்தை பழைய பிரெஞ்சுலேர்ந்து இங்கிலாந்துக்குப் போனப்போ அதோட தலையில "எஸ்"னு ஒரு சத்தம் இருந்தது: எஸ்செக். செக்குலேர்ந்து அந்தத் தலை வராது. அந்தத் தலைக்குக் கீழே ஒரு முக்கிய வேலை இருக்கு, சொல்றேன்.

கடைக்காரத் தம்பி, நான் பேங்க்ல சர்வீஸ் முழுக்கச் செக்கோட மாரடிச்சவன். அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன். உங்க மருமகப் பொண்ணு கேட்டது சரியான கேள்வி. நாலும் ஒரே வார்த்தைதான். நாலுக்கும் தாத்தா பாரசீகத்து "ஷா". ராஜான்னு அர்த்தம். செக் நாட்டுக்காரர் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது அந்த ஜனங்களோட சொந்தப் பேரு, இங்கிலீஷ்ல எழுத்தே வேற.

ஆட்டம் இங்கேர்ந்து போனது. யானை, குதிரை, தேர், காலாள்னு நாலு அங்கம், அதனால சதுரங்கம். அது பாரசீகத்துல சத்ரங் ஆச்சு, அரபியில ஷத்ரஞ்ச் ஆச்சு. எதிராளியோட ராஜாவைத் தாக்கற இடத்துல காயை வெச்சா, "ஷா!"ன்னு சொல்லி எச்சரிக்கணும். ராஜா, பாத்துக்கோ, அவ்வளவுதான் சேதி. அரபிக்காரா மூலமா ஐரோப்பாவுக்கு ஆட்டம் போனப்போ இந்தக் குரலும் கூடவே போச்சு. லத்தீன்ல ஸ்காக்கஸ், பிரெஞ்சுல எஸ்செக், இங்கிலீஷ்ல தலை போய் செக். இன்னொரு வேடிக்கை: "செஸ்"ங்கற பேரே அந்த பிரெஞ்சு எஸ்செக்கோட பன்மைதான். அதாவது ஆட்டத்தோட பேரே "ராஜாக்கள்".

இப்போ அர்த்தம் எப்படி நகர்ந்ததுன்னு பாருங்கோ. செக்னு சொன்னவுடனே எதிராளி தன் திட்டத்தை எல்லாம் நிறுத்திட்டு ராஜாவைக் காப்பாத்தணும். அதனால திடீர்னு தடுத்து நிறுத்தறது எல்லாமே செக் ஆச்சு. தடுக்கறதுலேர்ந்து கட்டுக்குள்ள வைக்கறது. கட்டுக்குள்ள வைக்கணும்னா சரியா இருக்கான்னு பாக்கணும், அதனால சரிபார்க்கறது. உங்களுக்கு இது கஷ்டமா இருந்தா முலுண்ட் செக் நாக்கா, தஹிசர் செக் நாக்காவை நினைச்சுக்கோங்கோ. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வர்ற வரைக்கும் மும்பைக்குள்ள சரக்கு வந்தா ஆக்ட்ராய் கட்டணும். நாக்காவுல லாரியை முதல்ல நிறுத்துவான், அப்புறம் சீட்டைப் பார்ப்பான். நிறுத்தறதும் ஒரு செக், பாக்கறதும் ஒரு செக். ஸ்டாக் செக் பண்றதெல்லாம் இந்தக் கிளை.

உங்க அப்பா சொன்ன "செக் வையிலே" இருக்கே, அதுதான் நாலுலயும் வயசுல மூத்தது. நேரா பலகையிலேர்ந்து எழுந்து வந்தது. பத்திரிகைக்காரா தினம் ஒரு தலைவருக்கு இன்னொரு தலைவர் செக் வெச்சதா எழுதறாளே, அவாளும் தெரியாமலே பழைய அர்த்தத்தைத்தான் காப்பாத்தறா.

இனி என் பேட்டை. ஆட்டத்துக்குப் பேரு வந்த மாதிரி பலகைக்கும் ஒரு பேரு வந்தது, பிரெஞ்சுல எஸ்செக்கியே. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல, ராஜாவுக்காக வரி வசூல் பண்ணின ஒவ்வொரு ஜில்லா ஷெரீஃபும் வருஷத்துல ரெண்டு தடவை ராஜாவோட கணக்கு மேஜைக்கு முன்னாடி வந்து உக்காரணும். அந்த மேஜை எப்படி இருந்ததுன்னு இரண்டாம் ஹென்றியோட பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதியே வெச்சிருக்கார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். வெச்ச காய் உருண்டு கீழே விழாம இருக்க, சுத்திலும் 4 விரல் உசரத்துக்கு ஓரம். மேல கறுப்புத் துணி, துணியில கோடு கோடா கட்டம்.

எதுக்குக் கட்டம்? அப்போ அங்கே ரோமன் எண்தான். அதை வெச்சு எழுதிக் கூட்டிக் கழிச்சுப் பாருங்கோ, பைத்தியம் பிடிக்கும். அதனால துணியில காய் வெச்சுக் கணக்குப் போட்டா, நம்ம பாட்டிகள் பல்லாங்குழியில சோழியைப் போட்டு அள்ளற மாதிரி. வலது கோடியில பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, அப்புறம் இருபது இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். ஷெரீஃப் கட்ட வேண்டியது ஒரு வரிசை, கட்டினது அதுக்குக் கீழே ஒரு வரிசை. எடுக்க எடுக்க மிச்சம் தெரிஞ்சுடும். படிக்காத ஷெரீஃபுக்கும் தன் பாக்கி கண்ணால தெரியும், ஏமாத்திட்டான்னு கத்த முடியாது. ஃபிட்ஸ்நீலே சொல்றார்: சதுரங்கத்துல ரெண்டு ராஜாவுக்கு நடுவுல யுத்தம், இங்கே பொருளாளருக்கும் ஷெரீஃபுக்கும் நடுவுல யுத்தம்னு. எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். ஆடிட் நடந்த பிராஞ்சுல உக்காந்தவாளுக்கு அது என்னன்னு புரியும்.

அந்த மேஜைத் துணியால அந்த ஆபீஸுக்கே எக்ஸ்செக்கர்னு பேரு வந்தது. நான் சொன்ன தலை, அந்த "எஸ்", இங்கேதான் பிழைச்சிருக்கு. படிச்சவா அதை லத்தீன் "எக்ஸ்"னு நினைச்சுண்டு எழுத்தை மாத்திட்டா, அது நிலைச்சுடுத்து. இன்னிக்கும் பிரிட்டிஷ் நிதி மந்திரிக்குச் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்னுதான் பேரு. அர்த்தம் பார்த்தா சதுரங்கப் பலகை மந்திரி!

பேங்க் செக்குக்கு வர்றேன். 1700களோட ஆரம்பத்துல செக்ங்கறது பணம் வாங்கற சீட்டு இல்லை. அந்தச் சீட்டைக் கிழிச்சுக் குடுத்த அப்புறம் புஸ்தகத்துல தங்கற துண்டு, நாம கவுன்டர்ஃபாயில்னு சொல்றோமே, அது. யாராவது தொகையைத் திருத்தினா இதை வெச்சுச் சரிபார்த்துத் தடுக்கலாம், அதனால செக். போகப் போகப் பேரு உள்ளே இருந்த துண்டை விட்டுட்டு வெளியே போற சீட்டுல ஒட்டிண்டுடுத்து. அந்தக் கியூ? எக்ஸ்செக்கர் எழுத்தைப் பார்த்துப் போட்டுண்ட சட்டை. ராஜாங்க கஜானா வாசனை வரட்டுமேன்னு. பிரிட்டன்ல அது நிலைச்சது, நம்ம 1881ஆம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்லயும் அப்படியே வந்தது. அமெரிக்காக்காரன் அதெல்லாம் வேண்டாம்னு பேங்க் செக்குக்கும் சாதா எழுத்தையே வெச்சுண்டான். என்னைக் கேட்டா அவன் பண்ணதுதான் சரி, ஆனா கியூ இல்லாத செக்கைப் பார்த்தா எனக்கு இன்னமும் கை உறுத்தும்.

கட்டம் போட்ட துணிக்குப் பேரு அதே பலகைக் கிளை. அதைத் துணி தெரிஞ்சவா சொல்லட்டும்.


மராத்தி வீட்டு மருமகள் (டோம்பிவிலி):

மாமா, அருமை. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். நாமெல்லாம் மும்பையில இருந்துகிட்டே பாரசீகத்துக்குப் போக வேண்டாம். எங்க வீட்டுல மராத்தியில சதுரங்கத்துக்குப் பேரு "புத்திபள்". ஆனா செக்குக்கு "ஷஹ்"னுதான் சொல்றாங்க. மாமனார் படிக்கிற மராத்தி பேப்பர்ல தேர்தல் வந்தா தினமும் "ஷஹ்-காட்ஷஹ்". அவன் செக் வைக்க, இவன் எதிர் செக் வைக்கன்னு அர்த்தம். தமிழ்ப் பேப்பர் இங்கிலீஷ் வழியா வாங்கின அதே ராஜாவை மராத்திப் பேப்பர் நேரடியா வாங்கி வெச்சிருக்கு.

"செக்மேட்"டோட பின்பாதியும் இங்க தினம் காதுல விழுது. ஷா மாத். அரபியில "மாத்த"ன்னா செத்தான்னு வர்றதால "ராஜா செத்தார்"னு பல பேர் சொல்வாங்க. பாரசீகத்துல மாத்துன்னா வழி தெரியாம திகைச்சு நிக்கிறது. ஆட்டத்தப் பாத்தா ரெண்டாவதுதான் பொருந்துது. ராஜாவ யாரும் வெட்டறதில்லையே, நகர இடம் இல்லாம நிக்கிறாரு, அவ்வளவுதானே? மராத்தியில கஷ்டத்தைத் தாண்டி ஜெயிச்சவங்களை "மாத் கேலி"ன்னு சொல்வாங்க. பத்தாவதுல நல்ல மார்க் வாங்கின ஏழைப் பிள்ளையப் பத்தி வர்ற எல்லாச் செய்தியிலயும் இந்த வார்த்தை கண்டிப்பா இருக்கும்.


ஏரோலி ஷிஃப்ட் (ஏரோலி):

ஐடிக்காரன் பங்குக்கு. அமெரிக்காவுல ஓட்டல் பில்லும் செக்தான், டிக் மார்க்கும் செக்தான், கோட்டைக் கழட்டிக் குடுத்தா தர்ற டோக்கனும் செக்தான். எல்லாமே சரிபார்க்க வெச்சிருக்கிற அடையாளம், மாமா சொன்ன கவுன்டர்ஃபாயில் சொந்தம்.

"ரெயின் செக்"னும் ஒண்ணு உண்டு. கிளையன்ட் கால்ல அந்தம்மா டின்னருக்கு ரெயின் செக் எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. எங்க டீம் லீட் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு, "எஸ், ஹெவி ரெயின் ஹியர்"னாரு. ஜூலை மாசம், பொய்யும் இல்ல. 1880கள்ல அங்க பேஸ்பால் ஆட்டம் மழையால நின்னா, டிக்கெட் துண்டை வெச்சுக்கிட்டு இன்னொரு நாள் வந்து பாக்கலாம்னு குடுத்தாங்க. அதுதான் ரெயின் செக். இப்போ "இன்னிக்கு வேண்டாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னு நாசூக்கா தள்ளிப் போடறதுக்குச் சொல்றாங்க.


பாவு ஊடை (சீத்தா கேம்ப்):

துணி தெரிஞ்சவன் வந்துட்டேன். அப்பா காலம் வரைக்கும் வீட்டுல தறி இருந்துச்சு.

பாவுல, அதாவது நீளவாட்டு நூல்ல, மட்டும் கலர் மாத்திப் போட்டா கோடு விழும். ஊடையிலயும், அதாவது குறுக்க ஓடற நூல்லயும், அதே கணக்குல நூல் சுத்தின நாடாவ மாத்தி ஓட்டினாத்தான் கட்டம் விழும். ஊடையில ஒரு இழை கூடிப்போனாலும் சதுரம் நீண்டு சப்பையாயிரும், மேஸ்திரி மடக்கிப் புடிச்சிருவாரு. ரெண்டு கலரும் சந்திக்கிற மூலையில மூணாவதா ஒரு கலர் தெரியும் பாருங்க, அதுக்காகவே கட்டம் வாங்கறவங்க உண்டு. கடைக்காரரே, இங்கிலீஷ் பன்மையில கேட்டா பக்கத்துல நிக்கிற பொம்பளைப் புள்ளைங்க சிரிக்கும், பேசாம கட்டம்னே சொல்லிப் பழகுங்க.

மெட்ராஸ் பக்கம் நெஞ்ச கட்டத்துணி ஒரு காலத்துல "ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்"ங்கற பேர்ல மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுச்சு. நைஜீரியாவுல கலபாரி ஜனங்க அத வாங்கி, குறிப்பிட்ட இழைய மட்டும் பிளேடால வெட்டி உருவி எடுத்து, நம்ம கட்டத்துக்குள்ளயே வேற ஒரு டிசைன் கொண்டு வருவாங்க. "பெலெடே பிடே"ன்னு பேரு. நாம மெனக்கெட்டு நெஞ்சு அனுப்பினத அவங்க மெனக்கெட்டுப் பிரிக்கிறாங்க, ஆனா பாத்தா அழகாத்தான் இருக்கு. அமெரிக்காவுல மெட்ராஸ்னாலே கட்டம் போட்ட சட்டைதான். சாயம் போகுதுன்னு புகார் வந்தப்ப "சாயம் போகும், கேரண்டி"ன்னே விளம்பரம் பண்ணி வித்துட்டாங்க. நம்ம கடையில சொன்னா துணிய மூஞ்சியில எறிவாங்க.


கல்செக்கு (ஆன்டாப் ஹில்):

சரி, பேங்க் செக்கு நம்முது இல்லைன்னே வெச்சுக்குவோம். ஆட்டம் நம்முது, துணி நம்முது. அது போதும். ஆனா ஒரு சந்தேகம் பாக்கி. மாமா, கவுன்டர்ஃபாயில் சொன்னீங்களே, காகிதம் இல்லாத காலத்துல அந்த எக்ஸ்செக்கர்ல ரசீது எப்படிக் குடுத்தான்?


தொண்ணூறடி ரோடு கடைக்காரன் (தாராவி):

அப்பப்பா! மருமகளுக்கு வாசிச்சுக் காட்டுனேன், நாலு செக்கையும் நோட்டுல மரமா வரைஞ்சு, உச்சியில ராஜாவுக்குக் கிரீடமும் போட்டுட்டா. செக் நாட்டை மட்டும் தனியா ஒரு ஓரத்துல வெச்சிருக்கா.

மாமா, எனக்கும் ஒரு கேள்வி. ஷான்னா ராஜான்னா, நமக்குத் துணி சப்ளை பண்ற மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்ல பாதிப் பேரு குஜராத்தி ஷா. அவங்க எல்லாம் ராஜ வம்சமா? தெரிஞ்சா அடுத்த தடவை ரேட் பேசறப்ப மரியாதையா பேசலாம்லா.


கிளியரிங் மாமா (மாட்டுங்கா):

கல்செக்கு சாருக்கு முதல்ல. காகிதம் இல்லை, குச்சி. ஹேசல் மரக் குச்சியில வெட்டுப் போடுவா. ஆயிரம் பவுண்டுன்னா உள்ளங்கை கனத்துக்கு ஒரு வெட்டு, நூறுன்னா கட்டைவிரல் கனம், இருபதுன்னா சுண்டுவிரல், ஒரு பவுண்டுன்னா பார்லி மணி அளவு. அப்புறம் குச்சியை நீளவாட்டுல ரெண்டாப் பிளந்து ஆளுக்கொரு பாதி. எதிர்ல சேர்த்து வெச்சா வெட்டும் வெட்டும் பொருந்தணும், மரத்தோட ரேகையும் பொருந்தணும். ஃபோர்ஜரி பண்ணவே முடியாது. எங்க கிளியரிங்ல கையெழுத்தை லென்ஸ் வெச்சுப் பார்த்து முடிவு பண்ணோமே, அதைவிடப் பந்தோபஸ்து. ஒரு பாதிக்கு ஸ்டாக், இன்னொரு பாதிக்கு ஃபாயில்.

இந்தக் குச்சிகளோட முடிவுதான் பெரிய கூத்து. வழக்கம் ஒழிஞ்ச அப்புறம் வெஸ்ட்மின்ஸ்டர்ல மலையா குவிஞ்சு கிடந்தது. ஏழைகளுக்கு விறகாக் குடுத்திருக்கலாம். அதை விட்டுட்டு 1834 அக்டோபர் 16ஆம் தேதி பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புல திணிச்சு எரிச்சா. அடுப்பு சூடேறி, ராத்திரிக்குள்ள பார்லிமென்ட் கட்டடமே எரிஞ்சுடுத்து. இப்போ நாம படத்துல பாக்கற பார்லிமென்ட் அதுக்கப்புறம் கட்டினது. பழைய ரெக்கார்டை அழிக்கறதுக்கு ஒரு முறை இருக்குன்னு நாங்க பிராஞ்சுல தலைபாடா அடிச்சுண்டது சும்மா இல்லை.

கடைக்காரத் தம்பிக்கு: மார்க்கெட் ஷாக்கள் ராஜ வம்சம் இல்லை. அவா வணிக வம்சம். குஜராத்தி வியாபாரிகளோட ஷா சம்ஸ்கிருத "சாது"விலேர்ந்து வந்தது. நல்லவன், நாணயமானவன்னு அர்த்தம். அது "சாஹ்" ஆச்சு, வியாபாரிக்குப் பேராச்சு. பாரசீக ஷா புழங்கின காலத்துல அந்தச் சத்தத்துக்கு மாறிடுத்து. பாரசீக ராஜா ஷாவுக்கு நம்ம பக்கத்துச் சொந்தம் வேணும்னா க்ஷத்திரியன்தான், அது ரெண்டும் ஒரே வேர். அதனால ஒரே மாதிரி ஒலிக்கற ரெண்டு ஷாவுல ஒண்ணு வாளைத் தூக்கினவன், இன்னொண்ணு தராசைத் தூக்கினவன்.

அந்தச் சாஹ் வீட்டுலதான் சாஹுகாரும் பொறந்தான். கடன் குடுக்கறவன். மெட்ராஸ்ல அவனைச் சௌகார்னு கூப்பிட்டா, அவன் குடியிருந்த இடம் சௌகார்பேட்டை ஆச்சு. மூல்ஜி ஜேட்டாவுல ரேட் பேசறப்போ இதை எடுத்து விடுங்கோ, ஷா பாய் ஒரு கட்டிங் சாயாவாவது வாங்கித் தருவார். கிரெடிட் நாள் கூட்டுவாரான்னு எனக்குத் தெரியாது.